பைக்கில் முகாம் போகிறவருக்கு எந்தக் கட்டில், என்ன படுக்கை?

நீங்கள் கேட்டது இது: வயது 54, உயரம் 180 செ.மீ., எடை 92 கிலோ. தனியாகப் பைக்கில் கிளம்பி நாலைந்து நாள் டென்ட் போட்டுத் தங்குகிறீர்கள். தரையில் விரித்த காற்று மெத்தை இரண்டு முறை நடுராத்திரியில் இறங்கிவிட்டது. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிகிறது. இரவில் 5 டிகிரி வரை குளிரும் இடங்களுக்கும் போவதுண்டு. கையில் இருப்பது இருவர் படுக்கும் டென்ட். மடக்குக் கட்டில் வாங்கலாமா, வாங்கினால் எது, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக் மட்டும் போதுமா?

வாங்கலாம். உங்கள் இடுப்புக்கு அது சரியான முடிவு. கடைசிக் கேள்விக்குத்தான் பதில் வேறு: ஸ்லீப்பிங் பேக் மட்டும் போதாது. கட்டில் வாங்கிய பலரும் இதை முதல் குளிர் ராத்திரியில் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதன்முதலில் கட்டிலோடு போன ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. ஆற்றோரம் ஒரு புல்வெளி, நாள் முழுக்க ஓட்டிய களைப்பு. கட்டிலை விரித்து, அதன்மேல் பேக்கை மட்டும் போட்டுப் படுத்தேன். கல் குத்தவில்லை, சரிவு தெரியவில்லை, படுத்ததும் தூங்கிப்போனேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. நெஞ்சும் வயிறும் கதகதப்பாகவே இருந்தன. ஆனால் தோள்பட்டை, இடுப்பு, பிட்டம் என்று துணியில் அழுந்துகிற இடமெல்லாம் ஈரத்துணி ஒட்டினாற்போலச் சில்லிட்டிருந்தன. கையைக் கீழே விட்டுத் தடவிப் பார்த்தேன். கட்டில் துணியின் அடிப்பக்கம் வெளிக்காற்றைப் போலவே குளிர்ந்து கிடந்தது. பைக் ஜாக்கெட்டை எடுத்து இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்டேன். பத்து நிமிஷத்தில் அந்த இடம் மட்டும் சூடானது, மற்ற இடம் அப்படியே இருந்தது. விடியும் வரை ஜாக்கெட்டைத் தோளுக்கும் இடுப்புக்கும் மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஸ்லீப்பிங் பேக் தானாகச் சூடு உண்டாக்குவதில்லை. உள்ளே உப்பியிருக்கும் இறகோ செயற்கை இழையோ காற்றை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் உடம்புச் சூடு வெளியே போகாமல் நிற்கிறது. மேலே படுத்தவுடன் அடிப்பக்கத்து உப்பல் நசுங்கித் தட்டையாகிவிடும். அப்போது உங்களுக்கும் கீழே ஓடும் காற்றுக்கும் நடுவில் இருப்பது இரண்டு மூன்று துணிகள் மட்டுமே. தரையும் உடம்புச் சூட்டை இழுக்கும், கட்டிலும் இழுக்கும், வழிதான் வேறு. தரை தொட்டு இழுக்கிறது. கட்டிலின் அடியில் நகரும் காற்று சூட்டைச் சுரண்டிக்கொண்டு போகிறது. இதே காற்றோட்டம்தான் புழுக்கமான இரவில் கட்டிலைச் சுகமாக்குகிறது. 25 டிகிரி இரவில் வெறும் கட்டிலில் ஒரு மெல்லிய போர்வையோடு படுப்பதைவிட நல்ல படுக்கை முகாமில் இல்லை. ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே போனால் கட்டிலுக்கும் பேக்குக்கும் நடுவில் ஒரு மெத்தை இருந்தே ஆக வேண்டும். ஆகவே நீங்கள் வாங்கப்போவது கட்டில், மெத்தை, ஸ்லீப்பிங் பேக் மூன்றும் சேர்ந்த ஒரே படுக்கை. மூன்றும் ஒன்றாகப் பைக்கில் ஏற வேண்டும், ஒன்றாக டென்டுக்குள் அடங்க வேண்டும். கடையில் கட்டிலைத் தனியாகப் பார்த்து வாங்கிவிட்டு, மற்றவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அங்கேதான் பணம் வீணாகிறது.

சரி, கட்டிலுக்கு வருவோம்.

கத்தரிக்கால் வைத்த பெரிய இரும்புக் குழாய்க் கட்டில்களை உடனே ஒதுக்கிவிடலாம். 6 முதல் 10 கிலோ வரை இருக்கும், மடித்தாலும் ஒரு மீட்டர் நீளத்துக்கு நிற்கும். காரில் போகிறவர்களுக்கு அருமையான கட்டில். பைக்கில் குறுக்கே கட்டினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போகும், நீளவாக்கில் கட்ட இடமே இல்லை.

நமக்கு ஆனது டென்ட் கம்பி போலத் துண்டு துண்டாகக் கழன்று, நடுவில் ஓடும் எலாஸ்டிக் கயிற்றால் சேர்ந்திருக்கும் அலுமினியக் கட்டில். தரையிலிருந்து 11 முதல் 17 செ.மீ. உயரம்தான் இருக்கும். இந்த வகையில் பரவலாகப் பேசப்படுவது ஹெலினாக்ஸ். டென்ட் கம்பி செய்வதில் பெயர் பெற்ற டிஏசி என்ற கொரிய நிறுவனத்திலிருந்து பிறந்தது அது. அந்தக் கம்பி அனுபவம் கட்டிலில் தெரியும். அவர்களுடைய காட் ஒன் கன்வர்டிபிள் சுமார் இரண்டே கால் கிலோ, 190 செ.மீ. நீளம், 68 செ.மீ. அகலம், தாங்கும் எடை 145 கிலோ. சுருட்டினால் சுமார் 54 செ.மீ. நீள உருளை. அதே நிறுவனத்தின் லைட் காட் இன்னும் ஒரு கிலோ குறைவு, ஆனால் அகலம் 60 செ.மீ., தாங்கும் எடை 120 கிலோ. தெர்மரெஸ்ட் நிறுவனத்தின் அல்ட்ராலைட் காட் வில்லாக வளைந்த கம்பிகளின்மேல் நிற்பது. சாதாரண அளவு சுமார் 1.2 கிலோ, 183 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம். சுருட்டினால் சுமார் 40 செ.மீ.தான், பக்கப் பெட்டிக்குள்ளேயே போய்விடும். பெரிய அளவும் உண்டு.

92 கிலோ ஆள் 120 கிலோ தாங்கும் கட்டிலில் படுக்கலாமே என்று தோன்றும். படுக்கலாம். ஆனால் கட்டிலை உடைப்பது உட்கார்வதுதான். படுக்கும்போது எடை நீளம் முழுக்கப் பரவுகிறது. உட்காரும்போது மொத்தமும் ஒரு சாண் அகலத்தில் இறங்குகிறது, அதுவும் களைத்துப்போய் தொப்பென்று உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். பேக், மெத்தை, போட்டிருக்கும் உடை எல்லாம் சேர்த்தால் நீங்கள் 96, 97 கிலோ வருவீர்கள். 145 கிலோ வகையையே எடுங்கள். எடுத்த பிறகும் ஓரத்தில் உட்காராதீர்கள். கால் கம்பி நிற்கிற இடத்துக்கு நேர்மேலே, நடுவாக, மெல்ல உட்காருங்கள்.

அகலத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கிறவருக்கு முழங்கால் மடங்கி வெளியே வரும். மல்லாந்து படுக்கிறவருக்குக் கைகள் இரண்டும் பக்கக் கம்பியில் அழுந்தி, விடியற்காலையில் மரத்துப்போகும். 61 செ.மீ. கட்டிலில் மெலிந்தவர் நன்றாகத் தூங்குவார். தோள் அகலமான ஆளுக்கு 66 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. நீளத்தில் உங்கள் உயரத்தோடு 8 முதல் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் பாதம் நீண்டு நிற்கும், தலையணையும் மேலே ஏறிக்கொள்ளும். உங்களுக்கு 183 செ.மீ. கட்டில் சிறிது, 190 சரி. குப்புறப் படுக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். நடுவில் தொய்வதால் இடுப்பு கீழே வளைந்து, உள்ள வலி கூடும்.

உயரத்தைப் பற்றி. 16 செ.மீ. உயரத்திலிருந்து எழுந்திருப்பது, முழங்கால் நல்ல நிலையில் இல்லாதவருக்குத் தரையிலிருந்து எழுந்திருப்பதைவிடக் கொஞ்சம்தான் எளிது. கூடுதல் கால்கள் மாட்டி 38 செ.மீ. அளவுக்கு உயர்த்திக்கொள்ளும் வசதி சில மாதிரிகளில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்வது போலவே இருக்கும், செருப்பு மாட்டுவதும் சுலபம். அதற்கு அரை கிலோவுக்கு மேல் எடை சேரும், டென்டின் உயரமும் வேண்டும். உங்கள் வலி இடுப்பில் மட்டும் என்றால் தாழ்ந்த கட்டில் போதும். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிராதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கையைக் கம்பியில் அழுத்தி எழுந்தால் இடுப்பு பிடிக்காது.

இதே வடிவத்தில் பாதிக்கும் குறைவான விலைக்கு வரும் கட்டில்கள் நிறைய. எல்லாம் மோசமில்லை. நான் ஒன்று வாங்கி இரண்டு பருவம் நன்றாக உழைத்தது. இன்னொன்று மூன்றாவது ராத்திரியிலேயே, கடுங்குளிரில், கால் கம்பி சேரும் பிளாஸ்டிக் மூட்டு வெடித்துக் கையோடு வந்தது. அதனால் இப்போது பார்க்கிற முதல் இடம் அந்த மூட்டுதான். மூட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போல நலிவு தெரிகிறதா, கம்பி அதற்குள் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். அடுத்து, பக்கக் கம்பி நுழையும் துணிக் குழலின் இரண்டு முனைகள். இழுவிசை முழுக்க அங்கேதான் விழும், இரட்டைத் தையலும் மேல் பட்டியும் இருக்க வேண்டும். கம்பி எந்தக் கலவை என்று போட்டிருந்தால் 7075 வலிமையானது. ஒன்றுமே போடாமல் வெறுமனே ‘அலுமினியம்’ என்றிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எடையை வீட்டில் தராசில் வைத்துப் பாருங்கள். அட்டையில் போட்ட எடை பையைச் சேர்க்காத எடையாக இருப்பது சாதாரணம்.

மாட்டும் வேலையைக் கடையிலேயே ஒரு முறை செய்துபாருங்கள். நெம்புகோல் வைத்த கட்டிலில் இரண்டு பக்கக் கம்பியையும் துணிக் குழலுக்குள் நுழைத்து, கால்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே பொருத்தி, நெம்புகோலைச் சாய்த்துத் துணியை இறுக்க வேண்டும். முதல் கால் விளையாட்டுப் போல உட்காரும். ஒவ்வொன்றுக்கும் துணி இறுகிக்கொண்டே போகும். கடைசிக் காலுக்கு வரும்போது கட்டில் எதிர்த்து நிற்கும். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்த, ‘டக்’ என்று விழும். அந்த நேரம் இன்னொரு கையின் விரல் நெம்புகோலுக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்தால் நகம் கறுத்துவிடும். பைக் கையுறையைப் போட்டுக்கொண்டே மாட்டுங்கள். புதிய கட்டிலில் துணி விறைப்பாக இருக்கும். வீட்டில் இரண்டு ராத்திரி மாட்டியே வைத்துவிட்டால் இளகிக்கொடுக்கும். இருட்டில், விரைத்த விரலோடு, மழை தூறும்போது இதைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. கடையில் வியர்க்க வைக்கும் கட்டில் மலையில் அழ வைக்கும்.

பைக்கில் ஏற்றும் விஷயத்துக்கு வரலாம், இங்கே எடையைவிட நீளம்தான் அதிகம் தொந்தரவு செய்யும். 54 செ.மீ. உருளை பெரும்பாலான பக்கப் பெட்டிகளுக்குள் போகாது, பின் சீட்டில் குறுக்கே கட்ட வேண்டிவரும். அதில் தவறில்லை, எங்கே கட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பின் கேரியர் பல பைக்குகளில் 5 முதல் 10 கிலோவுக்கு மேல் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. அது பின் சக்கர அச்சுக்கும் பின்னால் நீண்டிருப்பதால், அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை இலேசாக்கும். வேகத்தில் ஹேண்டில் தளும்புவதாகத் தோன்றினால் பெரும்பாலும் காரணம் இந்தப் பின் சுமைதான். கட்டிலைக் கேரியரில் வைக்காமல், சீட்டின்மேல் உங்கள் முதுகை ஒட்டினாற்போலக் கட்டுங்கள். முதுகுக்குச் சாய்மானமாகவும் ஆகிவிடும். கனமானதெல்லாம் பக்கப் பெட்டிகளின் அடியில், எஞ்சின் பக்கமாகப் போகட்டும். பைக்கின் கையேட்டில் அனுமதித்த மொத்த எடை போட்டிருக்கும். அதில் பைக்கின் எடையையும் ஓட்டும் உடையோடு உங்கள் எடையையும் கழித்துப் பாருங்கள், மிச்சமிருப்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிறுகளை விட்டுவிடுங்கள். அதிர்வில் தளர்ந்து, ஒன்று கழன்றால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கண்ணைப் பதம்பார்க்கும். கொக்கி இல்லாத, பக்கிள் வைத்த பட்டி இரண்டு போதும். கட்டிய பிறகு சுமையைப் பிடித்து உலுக்கினால் சுமையோடு பைக்கும் சேர்ந்து ஆட வேண்டும். முதல் 20, 30 கி.மீ. போனதும் நிறுத்தி இன்னொரு முறை இறுக்குங்கள், துணி அமுங்கிப் பட்டி தளர்ந்திருக்கும். சைலன்சரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். சும்மா நிற்கும்போது தள்ளியிருப்பது குழியில் இறங்கும்போது போய் ஒட்டிக்கொள்ளும். கட்டில் பைக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி, சில ஆயிரம் கி.மீ.யில் அலுமினியத் தூள் உதிரத் தொடங்கும். மெத்தையோடு வரும் துணிப்பையையோ பழைய டிஷர்ட்டையோ நடுவில் சுற்றிவிட்டால் தீர்ந்தது. கட்டில் நனைந்தால் பரவாயில்லை. ஸ்லீப்பிங் பேக் நனையக் கூடாது. அது நீர்புகாப் பைக்குள், அந்தப் பையும் பெட்டிக்குள் போகட்டும்.

டென்டை இப்போதே அளந்துகொள்ளுங்கள். இருவர் டென்ட் என்றால் தரை நீளம் 210, 220 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். அது தரையில் உள்ள அளவு. சுவர் உள்நோக்கிச் சாய்வதால் 30 செ.மீ. உயரத்தில் அதே நீளம் பல டென்டுகளில் கணிசமாகக் குறைந்துவிடும். கட்டில், மெத்தை, உங்கள் பாதம் எல்லாம் சேர்ந்தால் கால் மாட்டில் அந்த உயரம் வந்துவிடும். பேக்கின் கால் பகுதி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், உங்கள் மூச்சால் சுவரில் படியும் ஈரம் முழுக்கப் பேக்கில் ஏறும். மீட்டர் டேப்பை எடுத்து, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் நீளத்தை அளந்து பாருங்கள். 200 செ.மீ. வந்தால் 190 செ.மீ. கட்டில் நிம்மதியாக அடங்கும். டென்ட் குவிமாட வடிவம் என்றால் கட்டிலை நடுவில் போடுவதுதான் வழி, பக்கத்தில் போட்டால் முகம் துணியில் இடிக்கும்.

தரைத் துணியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. தரையோடு படியும் நீளக் கம்பிக் கால்கள் கிழிப்பதில்லை. முனை வைத்த கால்கள் கிழிக்கும், அடியில் சின்னக் கல் ஒன்று இருந்தாலே போதும். டென்ட் போடுமுன் கையால் தடவிக் கல்லையும் முள்ளையும் பொறுக்குங்கள், கால் நிற்கும் இடங்களில் ஃபோம் துண்டுகளைப் போடுங்கள். மணலிலும் இதே துண்டுகள் உதவும், இல்லாவிட்டால் ஒரு கால் மட்டும் புதைந்து கட்டில் முறுக்கிக்கொள்ளும்.

மெத்தைதான் இந்தப் படுக்கையின் இதயம், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மெத்தை எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதை ஆர்-வேல்யூ என்ற எண் சொல்லும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து போட்டது, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. 2018-ல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுத் தரம் வந்தது. மெத்தையைச் சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவில் வைத்து, சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று அளக்கிறார்கள். அந்தத் தரத்தின் பெயர் போட்டிருக்கும் மெத்தைகளை மட்டும் ஒப்பிடுங்கள். இந்த எண்ணில் ஒரு பெரிய வசதி, கூட்டலாம். 2 உள்ள பாயின்மேல் 3 உள்ள மெத்தையைப் போட்டால் ஏறத்தாழ 5.

ஃபோம் பாய், அதாவது மூடிய அறைகள் கொண்ட ஃபோமைக் கொசுவம் போல மடிக்கும் பாய், ஏறத்தாழ 400 கிராம் எடையில் ஆர்-வேல்யூ 2 தரும். முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது, காற்று இறங்குமே என்ற பயமில்லை. 10 டிகிரி வரை உள்ள இரவுகளுக்குக் கட்டிலோடு இதுவே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. 5 டிகிரிக்கு 3, 4 வேண்டும். அதற்கு வேண்டியது, உள்ளே காப்பு வைத்த காற்று மெத்தை. உங்களுக்கு இரண்டு முறை இறங்கிய அனுபவம் இருப்பதால் தயங்குவீர்கள். கட்டிலின்மேல் போடும்போது முள்ளும் கல்லும் தொடாது, ஆகவே குத்திக்கொள்ளும் ஆபத்து பெருமளவு போய்விடுகிறது. அப்படியும் இறங்கிவிட்டால் தரையில் விழமாட்டீர்கள், கட்டில் இருக்கிறது. குளிரை மட்டும் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இரண்டு முறை இறங்கியது என்றீர்களே, இரண்டும் ஓட்டைதானா? மாலை 25 டிகிரியில் ஊதி, இரவில் 5 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் காற்றே ஏறத்தாழ 7 சதவீதம் சுருங்கும். மெத்தை தொளதொளவென்று ஆகும், ஓட்டை இருக்காது. ஊதியபின் அரை மணி நேரம் குளிரவிட்டு, படுக்குமுன் இரண்டு மூச்சு கூடுதலாக ஊதுங்கள். பழைய மெத்தையைத் தூக்கிப்போடுமுன் நன்றாக ஊதி, சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வரவில்லை என்றால் அது நல்ல மெத்தை, கட்டிலின்மேல் அதையே போடலாம். அதன் ஆர்-வேல்யூ 1, 2 என்று இருந்தால் அடியில் ஃபோம் பாய் ஒன்று சேர்த்தால் வேலை முடிந்தது. ஊதுவதற்குப் பம்புப் பை வைத்துக்கொள்ளுங்கள், வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கும்.

கட்டிலின்மேல் மெத்தை வழுக்கும். 51 செ.மீ. அகல மெத்தை 68 செ.மீ. கட்டிலில் ராத்திரி முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கட்டிலைச் சுற்றிப் போட்டால் அசையாது. மெத்தையின் தடிமன் 5 செ.மீ. இருந்தாலே போதும், தரைக்கு வேண்டிய 8, 10 செ.மீ. கட்டிலுக்குத் தேவையில்லை. உயரம் கூடக் கூட உருண்டு விழும் பயமும் கூடும்.

நான் அன்று ராத்திரி தற்செயலாகக் கண்டுபிடித்ததை இப்போது வேண்டுமென்றே செய்கிறேன். பைக் ஜாக்கெட், பேன்ட், காலியான பைகள், மழை உடை எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில், இடுப்புக்கும் தோளுக்கும் நேர்கீழே அடைத்துவிடுகிறேன். காற்று ஓடும் வழி அடைபடுகிறது, டென்டுக்குள் இடமும் மிச்சமாகிறது. நனைந்த உடை என்றால் மட்டும் டென்ட் வாசலின் வெளிக்கூரைக்கு அடியில் தொங்கவிடுங்கள், அடியில் வைத்தால் அதன் ஈரம் மேலே ஏறும்.

ஸ்லீப்பிங் பேக்கில் பலரும் ஏமாறும் இடம் டிகிரி எண். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பேக்கில் மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது இயல்பாகப் படுத்திருக்கும் பெண் குளிராமல் தூங்கும் அளவு. லிமிட் என்பது ஒரு ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கும் அளவு, அதைத் தூங்குவதற்கான எண்ணாக நினைக்கவே கூடாது. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது எது என்று பார்த்து வாங்குங்கள். வயது கூடினால், களைத்திருந்தால், வயிறு காலியாக இருந்தால் குளிர் அதிகமாகத் தெரியும். நாள் முழுக்கக் காற்றில் ஓட்டி வந்தவருக்கு இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தே இருக்கும். ஆகவே 5 டிகிரி இரவுக்கு, கம்ஃபர்ட் எண் 0 உள்ள பேக்கை வாங்குங்கள். அந்தச் சோதனையே அடியில் மெத்தை போட்டுத்தான் நடக்கிறது, வெறும் கட்டிலில் அந்த எண் செல்லாது.

இறகா, செயற்கை இழையா என்றால், பைக்கில் போகிறவருக்கு நான் இறகைச் சொல்வேன். அதே கதகதப்புக்குப் பாதி இடம்தான் பிடிக்கும், பைக்கில் இடம்தான் பொன். 650, 800 என்று போட்டிருக்கும் எண் ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பது. அதிகமென்றால் அதே சூட்டுக்கு எடை குறைவு. நனைந்தால் இறகு பிண்டமாகிவிடும், அதுதான் அதன் பெரிய குறை. தினமும் மழையில் ஓட்டுகிற பயணம் என்றால் மட்டும் செயற்கை இழை. எதுவானாலும் வீட்டில் அழுத்திய பையிலேயே வைத்துவிடாதீர்கள், பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். உப்பல் ஒருமுறை செத்தால் திரும்பி வராது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பட்டு உள்ளுறை ஒன்று இருந்தால் பேக் அழுக்காகாது, கொஞ்சம் சூடும் சேரும். தலையணைக்கு, ஜாக்கெட்டின் முட்டுக் காப்புகளைக் கழற்றிவிட்டு உறைக்குள் சுருட்டினால் போதும், நான் கழுத்து வலிக்குப் பிறகு ஊதும் தலையணைக்கு மாறிவிட்டேன். நாள் முழுக்க போட்ட சாக்ஸோடு படுக்காதீர்கள், அதில் உள்ள வியர்வையே காலைக் குளிரவைக்கும். தூங்குவதற்கென்று ஒரு உலர்ந்த ஜோடி தனியாக இருக்கட்டும். தலையை மூடுங்கள், மூக்கையும் வாயையும் பேக்குக்குள் இழுத்துக்கொள்ளாதீர்கள், மூச்சு ஈரம் உள்ளே தங்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் டென்டுக்குள் அடுப்போ கரியோ பற்றவைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

எல்லாவற்றையும் உங்களுக்கு என்று சுருக்கினால், என் தேர்வு இது: நெம்புகோல் வகைத் தாழ்ந்த கட்டில், 190 செ.மீ. நீளம், 66 செ.மீ.க்கு மேல் அகலம், 145 கிலோ தாங்குவது. அதன்மேல் ஃபோம் பாய் ஒன்று. சோப்புத் தண்ணீர்ச் சோதனையில் தேறினால் உங்கள் பழைய காற்று மெத்தை. தேறாவிட்டால் ஆர்-வேல்யூ 3 உள்ள புதிய மெத்தை, 5 செ.மீ. தடிமனில். பேக் கம்ஃபர்ட் 0 டிகிரி, இறகு. மொத்தம் ஏறத்தாழ நாலரை கிலோவுக்குள் நிற்கும். கோடையில் மெத்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கட்டிலும் பாயும் மட்டும் எடுத்துப்போகலாம். பணத்தை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போட முடியாது என்றால் முதலில் ஃபோம் பாயையும் கட்டிலையும் வாங்குங்கள், பேக் அப்புறம். இருக்கிற பேக்குக்கு அடியில் நல்ல காப்பு வந்தாலே அது இன்னொரு பேக் போல நடந்துகொள்ளும்.

வாங்கியதும் நேராக மலைக்குக் கிளம்பாதீர்கள். குளிரான ஒரு ராத்திரி பார்த்து, மொட்டை மாடியிலோ வாசலிலோ டென்ட் போட்டு, கட்டிலைக் கையுறையோடு இருட்டில் மாட்டி, முழு இரவும் அதில் படுத்துப் பாருங்கள். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்துவிடாமல் கொஞ்சம் கவனியுங்கள். முதுகுப்பக்கம் குளிர்ந்தால் மெத்தை போதவில்லை. மேல்பக்கம் குளிர்ந்தால் பேக் போதவில்லை. இடுப்பு வலித்தால் துணி தொய்ந்திருக்கிறது, காலையில் நெம்புகோல்களை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.